கேள்வி நேரம்: தணிக்கை அறிக்கைக்குப் பிறகு?

கேள்வி: செலவில் குளறுபடி என்று சி.ஏ.ஜி. (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கை சொல்கிறது. பணம் திரும்ப வருமா?
— வாசகர், குடியாத்தம்

பதில்: தானாக வராது. மத்திய அரசுச் செலவென்றால், அறிக்கை அரசியலமைப்பின் 151-ஆவது பிரிவின்படி நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டுப் பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகும். மக்களவையினர் 15, மாநிலங்களவையினர் 7, ஆக 22 பேர், அமைச்சர்களுக்கு இடமில்லை. 1967 முதல் தலைவர் எதிர்க்கட்சிக்காரர். குழு கூப்பிட்டுக் கேட்பது துறைச் செயலாளரைத்தான்.

சிக்கல் எங்கே? குழுவின் ஆயுள் ஓராண்டு. தணிக்கை அறிக்கைகளின் நூற்றுக்கணக்கான பத்திகளில் சிலவற்றைத்தான் விசாரிக்க முடியும். மற்றவற்றுக்கும் துறைகள் நான்கு மாதத்தில் நடவடிக்கைக் குறிப்பு (என்ன நடவடிக்கை எடுத்தோம் என்ற எழுத்துப் பதில்) தரவேண்டும், இழுத்தடிப்பது இங்கேதான். குழுவால் பரிந்துரைக்க முடியுமே தவிர, பணத்தை வசூலிக்க உத்தரவிட முடியாது. பத்திரிகைத் தலைப்போடு விஷயம் முடிந்துபோவதும் இதனால்தான்.

உங்கள் ஊர் வேலை யார் பணம் என்று முதலில் பாருங்கள். மாநிலத் துறையென்றால் அறிக்கை ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்துக்குப் போகும். வேலூர் மாநகராட்சி, குடியாத்தம் நகராட்சிக் கணக்கென்றால் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை. மத்தியத் துறையிடம் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடும்போது அறிக்கை ஆண்டு, பத்தி எண் இரண்டையும் எழுதி, நடவடிக்கைக் குறிப்பின் நகல் கேளுங்கள். ‘ஊழல் ஏன்?’ என்று கேட்டால் பதில் வராது.