குறி சிதறுவது பெல்லட்டாலா, பிடியாலா? வாசகர் கேள்வி–பதில்

இம்முறை 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி தொடர்பான கேள்விகள் மட்டும்.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. சுபாங் சுடுதளத்தில் பயிற்சி பெறுகிறாள். கிளப்பில் அவளுக்கென எடை குறைந்த புதிய ஜூனியர் ஏர் ரைபிள் ஒன்றை ஒதுக்கியிருக்கிறார்கள். குறிகள் 7க்கும் 10க்கும் இடையே சிதறுகின்றன. பெல்லட்தான் (துப்பாக்கியில் போடும் ஈயக் குண்டு) காரணம், தலை அளவு 4.50 மி.மீ. உள்ளதை வாங்குங்கள் என்கிறார் ஒருவர். இல்லை, 4.49தான் என்கிறார் இன்னொருவர். எதை வாங்கட்டும்?
– செந்தூல் வாசகி, கோலாலம்பூர்

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள், சகோதரி. ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

குறி அட்டையின் நடுவில் உள்ள 10 புள்ளியின் விட்டம் 0.5 மி.மீ. பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. பெல்லட்டின் ஓரம் அந்தப் புள்ளியைத் தொட்டாலே 10 கிடைத்துவிடும். அதாவது பெல்லட்டின் மையம் அட்டையின் மையத்திலிருந்து 2.5 மி.மீ.க்குள் விழுந்தால் போதும். அதற்கு வெளியே ஒவ்வொரு 2.5 மி.மீ.க்கும் ஒரு எண் குறையும். உங்கள் மகள் 7 அடிக்கும்போது பெல்லட் மையத்திலிருந்து 7.5 முதல் 10 மி.மீ. வரை விலகியிருக்கிறது.

இனி பெல்லட்டின் பங்கைப் பாருங்கள். துப்பாக்கியை இடுக்கியில் இறுக்கி, அதற்கு ஒத்துவராத ஒரு பெல்லட்டால் 10 முறை சுட்டு, துளைகளின் வெளி ஓரங்களுக்கு இடையே 8 மி.மீ. வந்ததாக வைத்துக்கொள்வோம். அதில் பெல்லட் விட்டம் 4.5ஐக் கழித்தால் மையங்களுக்கு இடையே 3.5 மி.மீ. சைட் (குறிபார்க்கும் கருவி) சரியாக நடுவில் வைக்கப்பட்டிருந்தால் அந்தப் பத்துமே 10தான்! பத்துக்குள்ளேயே 10.0 முதல் 10.9 வரை தசமப் புள்ளி உண்டு; சுமாரான பெல்லட் 10.6ஐ 10.2 ஆக்கும், 10ஐ 7 ஆக்காது. ஆகவே இப்போது தெரியும் சிதறல் பிடியிலிருந்தும், நிற்கும் முறையிலிருந்தும், விசையை இழுப்பதிலிருந்தும் வருகிறது. இல்லையென்றால் ஏதோ ஒரு திருகாணி தளர்ந்திருக்கிறது.

முதலில் திருகாணியைப் பார்த்துவிடுங்கள். புதுத் துப்பாக்கியில் கட்டையையும் இயந்திரத்தையும் பிணைக்கும் திருகாணிகள் சில நூறு சுடுதலுக்குள் கொஞ்சம் இளகலாம். பின் சைட்டைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பும் அப்படியே. குறிகள் பரவலாகச் சிதறாமல் இரண்டு தனித்தனிக் கூட்டமாக விழுந்தால் முதல் சந்தேகம் இவற்றின் மேல்தான். கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அளவுக்கு மீறி முறுக்கினால் அலுமினியத்தில் உள்ள மரை வழுக்கிவிடும். அதைச் சரிசெய்யச் செலவாகும்.

அடுத்து, பயிற்சியாளரை மணல்மூட்டையில் வைத்து 10 முறை சுடச் சொல்லுங்கள். அவர் சுட்டது ஒரே துளைபோலத் திரண்டு வந்தால் துப்பாக்கியையும் பெல்லட்டையும் சந்தேகிப்பதை அன்றே விட்டுவிடலாம்.

எடை குறைந்த துப்பாக்கியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெல்லட் நொடிக்கு 170 மீட்டர் அளவில்தான் போகிறது. குழலை விட்டபின் அட்டையை எட்ட நொடியில் பதினேழில் ஒரு பங்கு ஆகிறது. அதற்கு முன், விசை விழுந்து வால்வு திறந்து பெல்லட் குழலைக் கடக்கும் அந்தச் சிறு இடைவெளியில் துப்பாக்கி அசைந்தால் குறியும் அசைந்துவிடும். கனமான துப்பாக்கி அந்த அசைவைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும், லேசானது தாங்காது. சுட்டவுடன் தலையைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு அதிகம். சுட்ட பிறகும் ஒன்றிரண்டு நொடி சைட் வழியாகவே பார்த்து, முன் சைட்டின் வளையம் எங்கே நின்றது என்று வாயால் சொல்லச் சொல்லுங்கள். பெல்லட் இல்லாமல் விசை இழுக்கும் வசதி இன்றைய போட்டித் துப்பாக்கிகளில் பெரும்பாலும் இருக்கிறது. பயிற்சியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்தையாவது அதற்கு ஒதுக்குங்கள். பெல்லட் செலவும் மிச்சம்.

கேள்வி: பல மாதங்களாக 10க்கு மேல் சராசரி வைத்திருக்கிறேன். இப்போது பெல்லட் சோதனை செய்து பார்க்க வேண்டும். முறையாக எப்படிச் செய்வது? தலை அளவு பெரிதாக இருந்தால் நல்லதா?
– பூச்சோங் வாசகர்

பதில்: உங்கள் நிலையில் சோதனை கட்டாயம் தேவை. பத்தின் தசமப் புள்ளி ஒவ்வொன்றும் 0.25 மி.மீ. சுடுதலுக்கு 0.2 கூடினாலும் 60 சுடுதலில் 12 புள்ளி. தகுதிச் சுற்றின் உச்சமே 654 என்கிறபோது அது பெரிய இடைவெளி.

தலை அளவைப் பொறுத்தவரை, பெரியது நல்லது என்று எதுவும் இல்லை. 4.49, 4.50, 4.51 என்று டின்னில் அச்சிட்டிருப்பது தொழிற்சாலையின் வகைப்பாடு. ஒரே எண் போட்ட இரண்டு தொகுதிகள் ஒரே குழலில் வெவ்வேறு விதமாகச் சுடுவது சாதாரணம். அதனால் டின்னின் அடியில் உள்ள தொகுதி எண்ணையும் சேர்த்துத்தான் எந்த முடிவும் எடுக்க வேண்டும். உள்ளே தள்ளும்போது இறுக்கமாகத் தெரிகிறதா, தளர்வாகத் தெரிகிறதா என்று விரலால் முடிவு செய்பவர்கள் இருக்கிறார்கள். விரல் சொல்வதை நம்பாதீர்கள், அட்டை சொல்வதை நம்புங்கள்.

ரைபிளுக்கான 0.53 கிராம் போட்டி பெல்லட்டுகளில் நான்கு வகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச், ஜே.எஸ்.பி. மேட்ச் போன்றவற்றில் கிடைப்பது எதுவானாலும் சரி. தலை தட்டையாக இருக்க வேண்டும். அப்போதுதான் அட்டையில் துளை சுத்தமாக வெட்டும். துப்பாக்கியை அதன் உடற்பகுதியில் இடுக்கியால் பிடியுங்கள். குழலில் மட்டும் பிடிக்கவே கூடாது. அழுத்தம் விழும் இடத்தைப் பொறுத்துக் குறி நகரும், நீங்கள் பெல்லட்டைக் குறை சொல்வீர்கள்.

பெல்லட் வகை மாறும்போதெல்லாம் முதல் 10 சுடுதலைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிடுங்கள். முந்தைய பெல்லட் விட்டுப்போன ஈயப் படிவு மாறிப் புதியதற்குக் குழல் பழக வேண்டும். பிறகு ஒரே அட்டையில் 10 சுடுதல், ஒவ்வொரு வகைக்கும் குறைந்தது மூன்று அட்டை. ஐந்து சுடுதல் போதாது. தற்செயலாக ஐந்தும் ஒரே துளையில் விழுந்து உங்களை ஏமாற்றிவிடும். முதல் சுற்றை அ, ஆ, இ, ஈ என்று போனால் அடுத்ததை ஈ, இ, ஆ, அ என்று திருப்பிச் சுடுங்கள். துப்பாக்கியின் காற்றுச் சிலிண்டரில் அழுத்தம் இறங்குவதும் அறை சூடாவதும் ஒரே வகையின் தலையில் விழாது. வெர்னியரால் வெளி ஓரங்களை அளந்து 4.5ஐக் கழியுங்கள். வெளி அளவு ஐந்தரை மி.மீ. அளவில் திரும்பத் திரும்ப வந்தால் அது நல்ல குழல், நல்ல பெல்லட். மூன்று அட்டையில் ஒன்று மட்டும் அபாரமாக வந்த பெல்லட்டைவிட, மூன்றும் ஒரே சீராக வந்ததையே தேர்ந்தெடுங்கள்.

தேர்ந்ததும் அதே தொகுதி எண்ணில் ஒரு பருவத்துக்குத் தேவையான டின்களை மொத்தமாக வாங்கிவிடுங்கள். தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பிரிப்பதை நாங்கள் அவ்வளவாகப் பரிந்துரைப்பதில்லை. பாவாடை (பெல்லட்டின் விரிந்த பின்பகுதி) நசுங்கியவற்றைக் கண்ணால் பார்த்து ஒதுக்கினாலே அதைவிடப் பலன் அதிகம். டின்னைப் பையில் போட்டுக் குலுக்கிக்கொண்டு போனால் நசுங்காமல் என்ன செய்யும்? மேலே பஞ்சு வைத்து மூடுங்கள்.

நம் ஊர் ஈரப்பதத்தில் திறந்து வைத்த டின்னில் பெல்லட்மேல் வெள்ளைப் பொடி படரும். அது ஈயம் காற்றோடு சேர்ந்து மாறியது, உடம்புக்கு நஞ்சு. அந்தப் பெல்லட்டுகளைச் சுடாதீர்கள், துடைத்துப் பயன்படுத்தவும் முயலாதீர்கள். மற்றவற்றைக் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவாமல் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. பிள்ளைகளிடம் இதில் கண்டிப்பாகவே இருங்கள்.

கேள்வி: புது ரைபிள் 4 கிலோகூட இல்லை. ஆடிக்கொண்டே இருக்கிறது. எடைக்கட்டி சேர்க்கலாமா?
– பிறை வாசகர், பினாங்கு

பதில்: சேர்க்கலாம், ஆனால் கடைசியில். உபகரணங்களோடு சேர்த்து 5.5 கிலோ வரை விதி அனுமதிக்கிறது. ஆனாலும் உடம்புக்குப் பொருந்தாத துப்பாக்கியில் எடையைக் கூட்டினால் ஆட்டம் குறைவதற்குப் பதிலாக முதுகுதான் வலிக்கும்.

பொருத்தும் வரிசை முக்கியம். முதலில் பட் பிளேட், அதாவது தோளில் பதியும் பின்தகடு. நிமிர்ந்து நின்று துப்பாக்கியைத் தோளில் வைத்தால் தலை குனியாமல் சைட் கண்ணுக்கு நேராக வர வேண்டும். வரவில்லையென்றால் பட் பிளேட்டைக் கீழே இறக்குங்கள், துப்பாக்கி மேலே ஏறும். நீளம் அதிகமானால் உடல் பின்னால் வளையும், குறைந்தால் மூக்கு சைட்டில் இடிக்கும். அதற்கடுத்துக் கன்னப் பலகை. கண்ணை மூடிக் கன்னத்தை வைத்துவிட்டுக் கண்ணைத் திறந்தால், கழுத்தைத் திருகாமல் சைட்டின் நடுவில் பார்வை விழ வேண்டும். மூன்றாவதாக இடது கை தாங்கும் இடம். முழங்கை இடுப்பெலும்பில் ஊன்ற வேண்டும், தசையால் தூக்கிப் பிடிக்கக் கூடாது. விசை நாக்கைக் கடைசியில் நகர்த்துங்கள்: விரலின் முதல் கணுவுக்கு முந்தைய சதை நேராகப் பின்னால் அழுத்தும்படி.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை. குறி பார்த்து நின்று கண்ணை மூடி இரண்டு மூச்சு விடுங்கள். திறக்கும்போது வளையம் பக்கவாட்டில் விலகியிருந்தால் கையால் இழுத்துக் கொண்டுவராதீர்கள். பின்னங்காலைக் கொஞ்சம் நகர்த்துங்கள். கையால் இழுத்து வைத்த குறி, விசை விழுந்ததும் பழைய இடத்துக்கே ஓடிவிடும்.

இதற்குப் பிறகும் ஆட்டம் இருந்தால் 50 கிராம் அளவில் கூட்டிப் பாருங்கள். முதலில் இடது கைக்கு அருகில், தேவைப்பட்டால் மட்டும் முனைப் பக்கம். முனையில் எடை ஏறினால் பக்கவாட்டு ஆட்டம் குறைவதென்னவோ உண்மை. கீழ் முதுகின் சுமையும் அதே வேகத்தில் கூடும். வளரும் பிள்ளைகளுக்கு முனையில் எடை வேண்டாம். மாற்றம் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி, ஒரு வாரம் அப்படியே வைத்துச் சுட்ட பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

கேள்வி: ஒரு செஷன் முடிவில் குறிகள் மேலும் கீழுமாக நீள்கின்றன. சிலிண்டர் காற்று காரணமா?
– செராஸ் வாசகர்

பதில்: இருக்கலாம். பக்கவாட்டில் சரியாக இருந்து மேல்கீழாக மட்டும் நீண்டால் பெல்லட்டின் வேகம் மாறுகிறது என்று பொருள். பெரும்பாலான சிலிண்டர்களை 200 பார் வரை நிரப்பலாம்; உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் அதைக் குறைத்துச் சீராகக் கொடுக்கிறது. அழுத்தம் அதன் வரம்புக்குக் கீழே இறங்கிவிட்டால் அதனால் சீர்படுத்த முடியாது. அழுத்தமானி சிவப்பைத் தொடும் முன்பே நிரப்பிவிடுங்கள். களைப்பும் இதே மாதிரி மேல்கீழ்ச் சிதறலைத் தரும், அதனால் நிரப்பிய பிறகும் நீண்டால் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுச் சுட்டுப் பாருங்கள்.

முக்குளிப்புத் தொட்டியிலிருந்து நிரப்பும்போது வால்வை மெல்லத் திறக்க வேண்டும். வேகமாக நிரப்பினால் காற்று சூடாகி மானி 200 காட்டும், ஆறியதும் இறங்கிவிடும். கை பம்ப் பயன்படுத்தினால் ஈரம் உறிஞ்சும் வடிகட்டி இல்லாமல் கூடாது. நம் ஊர்க் காற்றில் உள்ள ஈரம் சிலிண்டருக்குள் தண்ணீராகத் தேங்கி வால்வைக் கெடுக்கும். ஆக்சிஜன் தொட்டியை எந்தக் காரணத்துக்கும் இணைக்காதீர்கள். எண்ணெய்ப் பசையோடு சேர்ந்தால் வெடிக்கும். சிலிண்டர்மேல் பொறித்த தேதியையும் பாருங்கள். பொதுவாக 10 ஆண்டுதான் ஆயுள். காலாவதியானதைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள்.

கேள்வி: காற்றுத் துப்பாக்கிதானே, வெளிநாட்டிலிருந்து இணையத்தில் தருவித்து வீட்டில் பழகலாமா?
– ஜெலுத்தோங் வாசகர், பினாங்கு

பதில்: கூடவே கூடாது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம்தான். போலீஸ் அனுமதி இல்லாமல் வைத்திருப்பதும் தருவிப்பதும் குற்றம். அங்கீகாரம் பெற்ற கிளப்பில் சேர்ந்து, அவர்களுடைய துப்பாக்கியில், சுடுதளத்திலேயே பழகுங்கள். சொந்தமாக வாங்கும் நிலை வந்தால் விண்ணப்பத்துக்கு என்ன தேவை என்பதைக் கிளப்பிலும் காவல் நிலையத்திலும் முதலில் கேளுங்கள். பணம் கட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு.

கேள்வி: முன் சைட்டில் எந்த அளவு வளையம் போடலாம்?
– கிள்ளான் வாசகி

பதில்: கறுப்பு வட்டத்தைச் சுற்றி வெள்ளை தாராளமாகத் தெரியும் அளவு. சிறிய வளையம் துல்லியம் தரும் என்று நினைத்து 3.6 மி.மீ. அளவில் தொடங்குபவர்கள், வெள்ளை மெலிந்துபோவதால் நடுவில் இருக்கிறதா இல்லையா என்று கண் அலைந்து, விசையைத் தாமதப்படுத்துகிறார்கள். 4.2 மி.மீ. அளவில் தொடங்குங்கள். ஆட்டம் குறையக் குறைய 0.1 அளவில் இறக்குங்கள். விளக்கு மங்கலான கூடத்தில் ஒரு படி பெரியது போடலாம். குளிரூட்டிய காரிலிருந்து இறக்கிய துப்பாக்கியின் சைட் கண்ணாடியில் ஆவி படியும். பெட்டியைத் திறக்காமல் கால் மணி நேரம் வெளியில் வைத்துவிட்டு எடுங்கள்.