இவ்வளவு விலை கொடுத்தும் ஏன் இந்த இரைச்சல்?

கேள்வி: சேர்த்து வைத்த காசில் பெரிய விலைக்கு ஒரு சிந்தசைசர் வாங்கினேன். தனியாக வாசித்தால் பிரமாதம். யூஎஸ்பி கேபிளைக் கணினியில் செருகியதும் ஸ்பீக்கரில் ஒரு கீச்சொலி. மௌஸை நகர்த்தினால் அதற்கேற்ப மாறுகிறது. சர்வீஸில் 'பழுது ஒன்றுமில்லை' என்கிறார்கள். அப்படியானால் தப்பு யார் மேல்?

பதில்: வடிவமைத்தவர்கள் மேல்தான், ஆனால் சர்வீஸ்காரர் சொன்னதும் பொய்யில்லை. உங்கள் கருவியின் எர்த் ஆடியோ கேபிள் வழியாக ஒரு தரம், யூஎஸ்பி வழியாக இன்னொரு தரம் என்று இரண்டு பாதையில் இணைந்து வளையமாகிவிடுகிறது, கணினிக்குள் நடக்கும் கசமுசா எல்லாம் அதில் புகுந்து ஸ்பீக்கருக்கு வந்துவிடுகிறது. இதைத்தான் கிரவுண்ட் லூப் என்பார்கள். கடுப்பு என்னவென்றால், இசைக் கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பிக்கொள்ளும் முறையான மிடி 1983இல் வந்தபோதே இதை யோசித்துவிட்டார்கள். ஐந்து பின் மிடி இன் சாக்கெட்டுக்குப் பின்னால் ஆப்டோ ஐசொலேட்டர் இருக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதினார்கள். சிக்னல் வெளிச்சமாகத் தாண்டிப் போகும், இரண்டு பக்கத்துக்கும் கம்பித் தொடர்பே கிடையாது. யூஎஸ்பிக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை, அதனால் விலை உயர்ந்த கருவிகளில்கூட அந்தத் தடுப்பு பல சமயம் இருப்பதில்லை. விளம்பரத்தில் போட முடியாத பாகம், யார் காசு செலவழிப்பார்கள்?

சரி, இப்போது என்ன செய்வது? கருவியில் பேலன்ஸ்டு அவுட் (சிக்னலை இரண்டு கம்பியில் அனுப்பி, வழியில் புகும் இரைச்சலைக் கழித்துவிடும் இணைப்பு) இருந்தால் முதலில் அதற்கேற்ற கேபிளைப் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் யூஎஸ்பியை விட்டுவிட்டுப் பழைய ஐந்து பின் மிடிக்குப் போங்கள். யூஎஸ்பி ஐசொலேட்டர் என்று தனியாகவும் விற்கிறார்கள், ஆனால் மலிவானவை பெரும்பாலும் 12 மெகாபிட் வேகத்துக்கு மேல் போகாது. மிடிக்கு அது தாராளம், யூஎஸ்பி வழியாகவே பல டிராக் ஆடியோ அனுப்பும் கருவி என்றால் உதவாது. பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றினால் இரைச்சல் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது உயிருக்கே ஆபத்து.

கேள்வி: என் கீபோர்டில் ஒலியின் கூர்மையை மாற்றும் ஃபில்டர் குமிழை மெதுவாகத் திருப்பினால் ஒலி வழுக்காமல் படிக்கட்டு மாதிரி தாவித் தாவி ஏறுகிறது. குமிழ் போய்விட்டதா?

பதில்: குமிழ் நன்றாகத்தான் இருக்கும். குமிழ் எங்கே நிற்கிறது என்று சொல்லும் சாதாரண மிடி கன்ட்ரோலர் மதிப்பு 0 முதல் 127 வரைதான், மொத்தம் 128 படி. நிறைய கருவிகள் தங்கள் சொந்தக் குமிழையும் அதே கணக்கில்தான் படிக்கின்றன. படிகளுக்கு நடுவே மென்பொருளே இழைத்து நிரப்பலாம், அதைச் செய்யாமல் விட்டது சோம்பேறித்தனம். கருவிக்குள் இருக்கும் அந்த மென்பொருளுக்கு (ஃபர்ம்வேர்) அப்டேட் வந்திருக்கிறதா என்று பாருங்கள், சில சமயம் அதில் சரிசெய்திருப்பார்கள்.