தும்பை சூடிய பிளாஸ்டிக் வீரன்

அன்புள்ள ஐயா,

பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். என் மகளின் பதினோராவது பிறந்தநாளுக்கு 1/72 அளவில் (உண்மை ஆளின் எழுபத்திரண்டில் ஒரு பங்கு) பிளாஸ்டிக் ரோமானியச் சிப்பாய்கள் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இப்போது தினமும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் உட்கார்ந்து வண்ணம் பூசுகிறோம். மேசைமேல் படை நிறுத்தி ஆடும் விதிகளையும் படிக்க ஆரம்பித்திருக்கிறோம். உங்களிடம் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். பூசிய வண்ணம் ஈட்டி, வாள் முனைகளிலிருந்து உரிந்து வந்துவிடுகிறது, என்ன செய்வது? இன்னொன்று, வீட்டுக்கு வந்த என் மாமா, "ராஜராஜன் படையை விட்டுட்டு ரோமாபுரிக்காரனுக்குச் சாயம் அடிக்கிறீங்களே" என்றார். மகளின் முகம் வாடிவிட்டது. எனக்கும் பதில் சொல்ல வரவில்லை. நம்முடைய படை ஒன்றை இப்படிச் செய்ய முடியுமா?

ஒரு வாசகர், பெரம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் வண்ணம். உங்கள் கைமேல் தப்பில்லை. 1/72 பெட்டிகளில் பெரும்பாலும் வருவது வளைந்து கொடுக்கும் பாலிஎத்திலீன். அதில் பெயிண்டும் சரியாகப் பிடிக்காது, பசையும் பிடிக்காது. போதாததற்கு, அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வருவதற்காகப் பூசிய வழவழப்பும் மேலே தங்கியிருக்கும். பாத்திரம் துலக்கும் சோப்பைக் கரைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி ஒரு ராத்திரி உலர விடுங்கள். ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து மெல்லிதாக ஒரு பூச்சு, அதன்மேல் அக்ரிலிக், எல்லாம் முடிந்தபின் மறுபடி ஃபெவிகால். காய்ந்த ஃபெவிகால் ஈட்டியோடு சேர்ந்து வளையும், உடையாது. 28 மில்லிமீட்டர் அளவில் வரும் பிளாஸ்டிக் பொம்மைகள் பெரும்பாலும் வேறு ஜாதி. கெட்டியான பாலிஸ்டைரீன். பிளாஸ்டிக் சிமெண்ட் இரண்டு ஓரங்களையும் இளக்கி ஒன்றாக்கிவிடும், பெயிண்டும் நிற்கும்.

நம் ஊர்க் காற்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நவம்பரில், மழை விட்ட மாலையில், பால்கனியில் வைத்து 36 கார்த்தேஜ் வீரர்களுக்கு மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தேன். மூன்று மாத வேலை. பத்து நிமிடத்தில் அத்தனை பேரும் விபூதி பூசியதுபோல வெளுத்துவிட்டார்கள். காற்றின் ஈரம் பூச்சுக்குள் சிக்கினால் அப்படி ஆகும். அதிலிருந்து மழைக்காலத்தில் ஸ்ப்ரே தொடுவதில்லை, பிரஷ்ஷால்தான் பூசுகிறேன். மே மாதத்தில் எதிர்த்தொல்லை, தட்டில் எடுத்த வண்ணம் பிரஷ் தொடுவதற்குள் காய்ந்துபோகும். ஒரு டிபன் டப்பாவில் ஈரத் துணியை மடித்துப் போட்டு, மேலே பட்டர் பேப்பரை விரித்து, அதில் வண்ணத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூடி வைத்தால் மறுநாளும் உயிரோடு இருக்கும்.

சரி, மாமாவுக்கு வருவோம்.

ரோமாபுரிக்காரன் நமக்கு அந்நியன் இல்லை. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது இத்தாலியில் செய்த மட்பாண்டங்கள் கிடைத்தன. தமிழ்நாட்டு மண்ணில் கிடைத்த ரோமானிய நாணயங்களை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக முல்லைப்பாட்டு இருக்கிறது. அதில் அரசனின் பாசறையைக் காப்பவர்கள் யவனர்கள். மெய்யை மூடும் சட்டை போட்டிருக்கிறார்கள், இடுப்பில் குதிரைச் சாட்டையைச் சுற்றி இறுக்கியிருக்கிறார்கள், வலுவான உடம்பு, கொடிய பார்வை. யவனர் என்ற சொல் கிரேக்கரையும் ரோமரையும் சேர்த்தே குறித்தது. நப்பூதனார் என்ற புலவர் அந்த ஆட்களை எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார்! உடுப்பையும் இடுப்புக் கட்டையும் முகத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். பிரஷ் பிடித்து உட்கார்ந்தவருக்கு வேண்டியது அத்தனையும் அதில் இருக்கிறது. உங்கள் பெட்டியிலிருந்து இரண்டு பேரை எடுத்து இடுப்பில் சாட்டை சுற்றிவிடுங்கள். அவர்கள் தமிழ் மன்னனின் கூடாரத்துக்குக் காவல் நிற்கட்டும். மகளுக்கு அந்த வரிகளை வாசித்துக் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

இந்தக் கலையில் எனக்கு ஆசை விழுந்ததே இதனால்தான். இரண்டரை சென்டிமீட்டர் உயர ஆளுக்கு வண்ணம் பூச உட்கார்ந்தால், அதுவரை கேட்காத கேள்வியெல்லாம் கேட்க வேண்டி வருகிறது. ரோமானியரின் வளைந்த நீள்சதுரக் கேடயம் என்ன நிறம்? ஏறக்குறைய முழுசாக நமக்குக் கிடைத்திருப்பது ஒன்றே ஒன்று. சிரியாவில் தூரா யூரோப்பஸ் என்ற இடத்தில் எடுத்தது, கி.பி. 3ஆம் நூற்றாண்டு. அதன் பின்னணி சிவப்பு, மேலே கழுகும் சிங்கமும் தீட்டியிருக்கிறார்கள். இன்று உலகம் முழுக்க மேசைகளில் நிற்கும் சிவப்புக் கேடயங்களுக்குப் பக்கத்தில் உண்மையான சாட்சி என்று நிற்பது அந்த ஒரு பலகை. அப்புறம் நம் பக்கத்து வில்லாளி. வில் ஆள் உயரம், அதைத் தரையில் ஊன்றி இடது காலால் மிதித்து நாணை இழுப்பான், அம்பு ஏறக்குறைய மூன்று முழம் என்று கிரேக்க மொழியில் எழுதிய அர்ரியன் என்ற வரலாற்றாசிரியர் இந்திய வீரர்களைப் பற்றிச் சொல்கிறார். ஒரு பிளாஸ்டிக் வில்லாளியின் காலை வெட்டி அந்த நிலைக்குத் திருப்பிப் பாருங்கள். எவ்வளவு பலம் வேண்டியிருந்திருக்கும் என்பது கத்தி பிடித்த விரலுக்கே தெரியும்.

நம்முடைய படையைச் செய்ய முடியுமா என்று கேட்டீர்கள். நிச்சயமாக முடியும், நான் செய்துகொண்டிருக்கிறேன். மேசைமேல் படை நிறுத்தி ஆட, டிபிஏ (De Bellis Antiquitatis) என்று சுருக்கமாகச் சொல்லும் விதித்தொகுப்பு 1990இல் வந்தது. அதில் ஒரு படைக்குப் பன்னிரண்டே அடித்தட்டுகள் (சில வீரர்களைச் சேர்த்து ஒட்டும் சிறு பலகைகள்), சாப்பாட்டு மேசை போதும். அதன் படைப்பட்டியலில் தமிழர் படையும் உண்டு. ஆட்களுக்குக் கெல்ட் வீரர்கள் பெட்டியை வாங்குங்கள். சட்டையில்லாத உடம்புகள் அதில் நிறைய இருக்கும். கால்சட்டையின் முட்டிக்குக் கீழே கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டால் மேலே தார்ப்பாய்ச்சிய வேட்டி நிற்கும். மீசையை அப்படியே விடலாம். கொண்டைக்கு, குழாய் ஒழுகினால் அடைக்கிறோமே, அந்த எம்-சீல். கடுகளவு உருட்டித் தலையின் ஒரு பக்கமாக வைத்து, ஈரமான ஊசியால் இரண்டு கோடு இழுத்தால் முடிந்தது.

பிறகு பூ. நம் புறத்திணைகளுக்கே பூவின் பெயர்தான். ஆநிரை கவரப் போகிறவன் வெட்சி சூடுவான், நேருக்கு நேர் பொருதுகிறவன் தும்பை சூடுவான். வெட்சி சிவப்பு, தும்பை வெள்ளை. ஊசிமுனையில் வெள்ளை தொட்டுக் கொண்டையைச் சுற்றி ஐந்தாறு புள்ளி வையுங்கள். முதல்முறை அதை வைத்துவிட்டு விளக்கை நகர்த்திப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த திணைப் பெயர் ஒரு ஆளின் தலையில் பூவாக உட்கார்ந்திருந்தது.

யானைக்கு ஒன்று மட்டும். பெட்டியில் வரும் யானைமேல் மரக் கோபுரம் இருந்தால் கழற்றிவிடுங்கள். இந்தியப் போர்யானை பாகனையும் மூன்று வில்லாளிகளையும் சுமந்தது என்பது கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோவின் நூலில் இருக்கும் செய்தி.

மாமாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராஜராஜன் பெயரைச் சொல்கிறவருக்கு உள்ளே பிரியம் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வேளைக்காரர் (அரசனைக் காக்க உறுதி பூண்டவர்கள்), வில்லிகள், ஆனையாட்கள் என்று படைப்பிரிவுகளின் பெயர்கள் வருகின்றன. வேளைக்காரப் படையாள் இடுப்பில் என்ன கட்டியிருந்தான், கேடயத்தை எந்தக் கையில் பிடித்தான் என்று கோயில் சிற்பங்களில் தேடி எடுத்துத் தருவது அவர் பொறுப்பாக இருக்கட்டும். ரோமானியரை முடிப்பதற்குள் சோழர்களைத் தொடங்கச் சொல்லி அவரே வந்து நிற்பார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். ஆயுதக் கூடத்தில் தஞ்சை அரண்மனையிலிருந்து வந்த அங்குசங்களைப் பார்த்துவிட்டு, நடுகற்களுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். மகளிடம் நோட்டும் பென்சிலும் கொடுத்து ஒரு வீரனை முழுசாக வரையச் சொல்லுங்கள். முட்டி எவ்வளவு மடங்கியிருக்கிறது, எந்தக் கையில் வில், கொண்டை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எல்லாம் வேண்டும். வரைந்ததை எனக்கும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். என் வில்லாளிகளில் இன்னும் ஏழு பேருக்குக் கொண்டை வைக்கவில்லை.

அன்புடன்.