ஒரு வருஷம் உலகம் சுத்தப் போறவங்க எதை முன்னாடியே வாங்கணும், எதை வாங்கவே வேணாம்

இந்த வாரம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல நீண்ட பயணம் பத்தினதுதான், அதனால மத்ததை எல்லாம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிட்டு இதை மட்டும் ஒண்ணா சேர்த்து எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: மேடம், நானும் என் கணவரும் வேலையை விட்டுட்டு ஒரு வருஷம் உலகம் சுத்தக் கிளம்புறோம். வாங்க வேண்டிய சாமான் லிஸ்ட் போட ஆரம்பிச்சோம், அது நீண்டுக்கிட்டே போகுது. கொசுவலைல இருந்து தண்ணி ஃபில்டர் வரைக்கும் எழுதியாச்சு. எதுல கை வைக்கிறதுன்னே தெரியல.

பதில்: லிஸ்ட்டை எடுத்து வச்சுக்கிட்டு ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி கேளுங்க, இது போற வழியில கிடைக்குமா? கிடைக்கும்னா அடிச்சுடுங்க. சோப்பு, துண்டு, டீ-சர்ட், ரெயின்கோட், கொசு மருந்து எல்லாம் மனுஷங்க வாழுற எல்லா ஊர்லயும் விக்குது, அந்தந்த ஊர் வெயிலுக்கும் குளிருக்கும் ஏத்ததா வேற கிடைக்கும். வழியில வாங்க முடியாதது, இல்ல வாங்குறதுக்குள்ள உயிர் போயிடும்ங்கிற மாதிரி இருக்கறது கொஞ்சம்தான்: பாஸ்போர்ட், தடுப்பூசி, இன்சூரன்ஸ், பேங்க் கார்டு, உடம்புக்குச் சரியா பொருந்துற பை, பழகின ஷூ. காசையும் நேரத்தையும் மொத்தமா இதுல போடுங்க.

பாஸ்போர்ட்டை இன்னைக்கே எடுத்துப் பாருங்க. நிறைய நாடுகள் உள்ள வர்ற தேதில இருந்து இன்னும் 6 மாசமாவது செல்லுபடி இருக்கணும்னு கேக்குது, அப்போ ஒரு வருஷப் பயணத்துக்குக் கிளம்பும்போதே ஒண்ணரை வருஷத்துக்கு மேல பாக்கி இருக்கணும், ரெண்டு வருஷம் இருந்தா நிம்மதி. காலிப் பக்கத்தையும் எண்ணிக்கோங்க.

தடுப்பூசிக்கு கடைசி வாரத்துல போய் நிக்காதீங்க. ஹெபடைடிஸ் பி வழக்கமான அட்டவணைப்படி மூணு டோஸ் முடிக்க 6 மாசம் ஆகும். மஞ்சள் காய்ச்சல் ஊசியோட சான்றிதழ் போட்ட 10 நாள் கழிச்சுதான் செல்லும், ஆனா 2016 ஜூலைல இருந்து அது ஆயுசுக்கும் செல்லும்னு விதியை மாத்திட்டாங்க, அதனால ஏற்கனவே போட்டிருந்தா மறுபடி காசு கொடுக்க வேண்டியதில்ல, அந்த அட்டை பத்திரமா இருந்தா போதும். ரேபிஸ் ஊசி முன்கூட்டியே போட்டுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கண்டிப்பா கேளுங்க. போட்டிருந்தாலும் நாய் கடிச்சா திரும்ப ஊசி உண்டுதான், ஆனா இம்யூனோகுளோபுலின்னு ஒரு மருந்து அப்போ தேவைப்படாது, சின்ன ஊர்கள்ல கிடைக்கவே கிடைக்காத மருந்து அதுதான்.

கேள்வி: என்கிட்ட ஏற்கனவே வருடாந்திர டிராவல் இன்சூரன்ஸ் இருக்கு, வருஷம் முழுக்க எத்தனை தடவை வேணா வெளிநாடு போகலாம்னு போட்டிருக்கு. பத்து மாசப் பயணத்துக்கு இது போதும்தானே?

பதில்: போதாதுங்க, அனேகமா போதவே போதாது. இந்த வகை பாலிசி வருஷத்துல அப்பப்போ சின்னச் சின்னதா போயிட்டு வர்றவங்களுக்கு. ஒரு தடவை வெளில போனா அதிகபட்சம் எத்தனை நாள்ங்கிற வரம்பு உள்ள ஒரு மூலையில இருக்கும், 30, 45, 60 நாள்னு பாலிசிக்கு பாலிசி மாறும். 45 நாள்னு இருந்தா 46வது நாள் பஸ் கவுந்தாலும் அவங்க ஒரு பைசா தர மாட்டாங்க, பாலிசி தேதி இன்னும் ஆறு மாசம் பாக்கி இருந்தாலும் சரி. உங்களுக்கு வேண்டியது நீண்ட நாள் தங்குறவங்களுக்கான ஒற்றைப் பயண பாலிசி.

அதை வாங்கும்போது பளபளன்னு இருக்கற விளம்பரத் தாளைத் தள்ளி வச்சுட்டு முழு நிபந்தனைகள் உள்ள அந்த நீளமான டாக்குமெண்ட்டைக் கேளுங்க. அதுலயும் முதல்ல "இவற்றுக்குப் பொருந்தாது"ன்னு ஆரம்பிக்கிற பகுதிக்குப் போங்க, உங்க பணம் எங்க மாட்டும்னு அங்கதான் எழுதியிருக்கும். மலையேறப் போறீங்கன்னா எத்தனை மீட்டர் வரைக்கும்னு பாருங்க. எவரெஸ்ட் பேஸ் கேம்ப் 5,364 மீட்டர், 4,000 மீட்டரோட நின்னுபோற பாலிசிய வச்சுக்கிட்டு அங்க போனா ஹெலிகாப்டர் செலவு முழுக்க உங்க தலைலதான் விழும். வாடகை ஸ்கூட்டர் ஓட்டுற எண்ணம் இருந்தா இன்னும் கவனமா படிக்கணும், ஏன்னா அந்த ஊர்ல செல்லுற லைசென்ஸ் இல்லாம, அதுவும் டூ-வீலருக்கான லைசென்ஸ் இல்லாம ஓட்டி அடிபட்டா பெரும்பாலான கம்பெனிகள் கை விரிச்சுடும், வாடகைக்கு விட்டவர் லைசென்ஸே கேக்கலைங்கிறது ஒரு வாதமாவே நிக்காது. சர்வதேச டிரைவிங் பெர்மிட்ல டூ-வீலர் கட்டத்துல முத்திரை விழுந்திருக்கான்னு வாங்குற இடத்துலயே பார்த்துடுங்க. இன்னொண்ணு, ஜப்பான் 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி கொடுத்த பெர்மிட்டை மட்டும்தான் ஏத்துக்கும், 1968 வியன்னா ஒப்பந்தப்படி கொடுத்தது அங்க செல்லாது.

ஏற்கனவே இருக்கற வியாதிய மறைக்காம சொல்லிடுங்க, சர்க்கரையோ ப்ரஷரோ எதுவா இருந்தாலும். பிரீமியம் கொஞ்சம் ஏறும், ஏறட்டும். மறைச்சுட்டா பின்னாடி சம்பந்தமே இல்லாத கிளெய்மைக்கூட அதைக் காட்டித் தள்ளப் பார்ப்பாங்க.

பணம் எவ்வளவு கிடைக்கும்னு பார்க்கும்போது பெட்டி காணாம போனா எவ்வளவுங்கிறதுல நேரத்தைச் செலவழிக்காதீங்க. ஆஸ்பத்திரிச் செலவும், அவசரத்துக்கு வேற இடத்துக்குத் தூக்கிட்டுப் போற செலவும்தான் குடும்பத்தையே சாய்ச்சுடும், அந்த ரெண்டு எண்ணும் பெருசா இருக்கணும். ஐரோப்பால நிறைய நாடுகளுக்கு ஒண்ணா செல்லுற ஷெங்கன் விசாவுக்கு குறைஞ்சது 30,000 யூரோ கவரேஜ் கேக்குறாங்க, அது விசா கிடைக்கறதுக்கான அளவுதான், அதை வச்சுக்கிட்டு உலகம் சுத்தலாம்னு நினைக்காதீங்க. லேப்டாப், கேமரா எடுத்துட்டுப் போறவங்க ஒரு பொருளுக்கு அதிகபட்சம் எவ்வளவுங்கிற வரியையும் பாருங்க, மொத்தத் தொகை பெருசா இருந்தாலும் ஒத்தப் பொருளுக்கு ரொம்பக் கம்மியா வச்சிருப்பாங்க.

நடுவுல ஒரு கல்யாணத்துக்கு வீட்டுக்கு வந்துட்டுப் போனா பாலிசி அதோட முடிஞ்சிடுமா, வெளிநாட்டுல இருந்தபடியே நீட்டிக்க முடியுமா, இந்த ரெண்டையும் ஈமெயில்ல கேட்டு பதிலை எழுத்துல வாங்கி வச்சுக்கோங்க. ஃபோன்ல அவங்க சொன்னதை நாளைக்கு நிரூபிக்க முடியாது.

கேள்வி: அக்கா, 70 லிட்டர் பேக்பேக் ஆஃபர்ல போடுறாங்க, ஆன்லைன்லயே ஆர்டர் பண்ணிடவா?

பதில்: வேணாம் தம்பி. 70 லிட்டர் வாங்கினா 70 லிட்டரையும் நிரப்பத்தான் செய்வீங்க, அப்புறம் ஒரு வருஷம் சுமக்கப்போறது உங்க முதுகுதான். பெரும்பாலானவங்களுக்கு 40ல இருந்து 45 லிட்டர் தாராளம், ரெண்டு வாரத்துக்கு எடுத்துக்கற துணிதான் ஒரு வருஷத்துக்கும், நடுவுல துவைச்சுக்கப் போறீங்க அவ்வளவுதான்.

பையை மட்டும் கடைக்குப் போய் வாங்குங்க. தலையைக் குனிஞ்சா கழுத்துக்குக் கீழ ஒரு எலும்பு முட்டிக்கிட்டு நிக்கும்ல, அதுல இருந்து இடுப்பு எலும்போட மேல் விளிம்பு மட்டம் வரைக்கும் முதுகு நீளத்தை அளக்கச் சொல்லுங்க, பை சைஸ் அந்த அளவை வச்சுதான், உங்க உயரத்தை வச்சு இல்ல. அப்புறம் 10 கிலோ எடை உள்ள போடச் சொல்லி இடுப்பு பெல்ட்டை முதல்ல இறுக்கிட்டு அப்புறம் தோள் பட்டையை இழுங்க, கடைக்குள்ளயே கால் மணி நேரம் நடங்க. எடை இடுப்புல உக்காரணும், தோள்ல தொங்கினா அது உங்க பை கிடையாது, எவ்வளவு ஆஃபர்னாலும் வச்சுட்டு வந்துடுங்க. மேல மட்டும் திறக்குற பையில அடியில இருக்கற சாக்ஸை எடுக்க மொத்தத்தையும் கொட்டணும், சூட்கேஸ் மாதிரி முன்பக்கம் முழுசா ஜிப் திறக்குறதா பாருங்க. 40 லிட்டர் பை கேபினுக்குள்ள போயிடும்னு சொல்லுவாங்க, அளவு சரியா இருந்தாலும் நிறைய ஏர்லைன் கேபின் எடையை 7 கிலோன்னு வச்சிருக்கு, மலிவு ஏர்லைன்ல இன்னும் கறார், அதையும் கணக்குல வச்சுக்கோங்க.

ஷூவை சாயங்காலம் போய் வாங்குங்க, காலு அப்போ கொஞ்சம் வீங்கியிருக்கும். கிளம்புறதுக்கு முன்னாடி சில வாரமாவது தினமும் போட்டு நடந்து பழக்கிடுங்க.

கேள்வி: 30,000 எம்ஏஎச் பவர் பேங்க்கும் ஒரு யுனிவர்சல் அடாப்டரும் வாங்கினா சார்ஜ் பிரச்சனை முடிஞ்சதுதானே?

பதில்: பவர் பேங்க்ல நீங்க பார்க்க வேண்டிய எண் வாட்-அவர், அதாவது உள்ள எவ்வளவு மின்சக்தி அடங்குதுங்கிற அளவு. எம்ஏஎச்சை 3.7ஆல பெருக்கி ஆயிரத்தால வகுத்தா வந்துடும். 20,000 எம்ஏஎச்னா 74 வாட்-அவர், 27,000னா 99.9, 30,000னா 111. விமானத்துல 100 வரைக்கும் பொதுவா பிரச்சனை இல்ல, 100ல இருந்து 160 வரைக்கும் ஏர்லைன் அனுமதி கொடுக்கணும், எதுவா இருந்தாலும் கைப்பையிலதான் போகணும், செக்-இன் பெட்டில போடக்கூடாது. அதனால 20,000மே வாங்குங்க. உடம்புல அச்சடிச்ச எழுத்து அழிஞ்சுபோன பவர் பேங்க்கை செக்யூரிட்டில பிடுங்கி வச்சுக்குவாங்க, எழுத்து தெளிவா பொறிச்சிருக்கான்னு பார்த்து வாங்குங்க. சீனாவுக்குள்ள பறக்கப் போறீங்கன்னா 2025 ஜூன் 28ல இருந்து 3சி முத்திரை (சீனாவோட பாதுகாப்புச் சான்று) இல்லாத பவர் பேங்க்கை உள்நாட்டு விமானத்துல ஏத்த விடுறதில்ல.

அடாப்டர் பிளக்கோட வடிவத்தைத்தான் மாத்தும், கரண்ட்டை மாத்தாது. ஜப்பான்ல 100 வோல்ட், அமெரிக்கால 120, ஐரோப்பால 230. உங்க சார்ஜரைத் திருப்பிப் பாருங்க, பொடி எழுத்துல இன்புட் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்னு இருந்தா எங்கயும் செருகலாம், ஃபோன் லேப்டாப் சார்ஜர் எல்லாம் அனேகமா இப்படித்தான் இருக்கும். ஹேர் டிரையர், அயர்ன் பாக்ஸ்ல ஒரே வோல்டேஜ்தான் போட்டிருக்கும், அதை வீட்டுலயே விட்டுடுங்க.

கேள்வி: உலகம் சுத்துற ஒரே டிக்கெட் வாங்குறது லாபமா, அப்பப்போ தனித்தனியா வாங்குறதா?

பதில்: ஏர்லைன் கூட்டணிகள் விக்கிற அந்த டிக்கெட்டுக்கு கட்டுப்பாடு உண்டு. உதாரணமா ஒன்வேர்ல்டு கூட்டணியோட டிக்கெட்ல அதிகபட்சம் 16 விமானம், ஒரு வருஷத்துக்குள்ள முடிக்கணும், கிழக்கு நோக்கியோ மேற்கு நோக்கியோ ஒரே திசையிலதான் உலகத்தைச் சுத்தி வரணும். தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியான்னு தூரமான கண்டங்கள் இருந்து தேதியும் ஓரளவு முடிவாயிருந்தா கணக்குப் போட்டுப் பாருங்க, லாபமா வரலாம். பிடிச்ச ஊர்ல ரெண்டு மாசம் உக்காந்துடுவேன்னு சொல்ற ஆளுக்கு ஒத்து வராது. ஒரு விமானத்துல ஏறாம விட்டுட்டா மிச்ச எல்லா விமானத்தையும் கேன்சல் பண்ணிடுவாங்க, மனசு மாறினா முன்னாடியே ஃபோன் பண்ணி மாத்திடணும். தனித்தனியா வாங்குறவங்க திரும்பிப் போற டிக்கெட் காட்டச் சொல்ற நாடுகள் எதுன்னு பார்த்துக்கோங்க, இல்லன்னா கவுண்டர்லயே ஏத்த மாட்டாங்க. ஐரோப்பாவுக்கு ஷெங்கன் கணக்கு எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான், டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி இதை எண்ணிடுங்க.

கேள்வி: பெட்டி வரவே இல்லன்னா ஏர்லைன் எவ்வளவு தரணும்?

பதில்: 1999 மாண்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்துற சர்வதேச விமானத்துல ஒரு பயணிக்கு அதிகபட்சம் 1,519 எஸ்டிஆர், 2024 டிசம்பர் 28ல இருந்து இந்த அளவு. எஸ்டிஆர்ங்கிறது ஐஎம்எஃப்ங்கிற சர்வதேச நாணய நிதியத்தோட கணக்கு அலகு, அன்னைக்கு ரேட்ல உங்க ஊர் பணத்துக்கு மாத்திக்கலாம். அதிகபட்சம்தான் அது, உங்க நஷ்டம் எவ்வளவுன்னு பில்லோட காட்டணும். கன்வேயர் பெல்ட் பக்கத்துல நிக்கும்போதே, வெளில வர்றதுக்கு முன்னாடி, ரிப்போர்ட் எழுதிக் கொடுத்து நம்பரை வாங்கிடுங்க. உடைஞ்சிருந்தா 7 நாளுக்குள்ள, லேட்டா வந்திருந்தா கைக்கு வந்த நாள்ல இருந்து 21 நாளுக்குள்ள எழுத்துல புகார் போகணும். 21 நாள் ஆகியும் பெட்டி வரலைன்னா தொலைஞ்சதாவே எடுத்துக்கிட்டு நஷ்டஈடு கேக்கலாம். பெட்டியைத் திறந்து வச்சு உள்ள இருக்கறது தெரியற மாதிரி கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு ஃபோட்டோ எடுத்துடுங்க, கிளெய்ம்ல அது பெரிய உதவி.

கேள்வி: லைஃப்டைம் வாரண்டி ஜாக்கெட், விலை ரொம்ப அதிகம். வாங்கலாமா?

பதில்: வாரண்டி எந்த நாட்டுல செல்லும், ரிப்பேருக்கு அனுப்புற கூரியர் செலவு யாரோடது, இது ரெண்டையும் கேளுங்க. வாங்கின நாட்டுக்கே அனுப்பணும், செலவு உங்களோடதுன்னா நீங்க பாதி உலகம் தாண்டி இருக்கும்போது அந்த வாரண்டியால ஒரு பிரயோஜனமும் இல்ல.

கேள்வி: பேங்க் விஷயத்துல என்ன பார்க்கணும்?

பதில்: விசா ஒண்ணு, மாஸ்டர்கார்டு ஒண்ணுங்கிற மாதிரி ரெண்டு வேற நெட்வொர்க் கார்டு, ரெண்டு வேற பையில. காலாவதி தேதி பயணம் முடியற வரைக்கும் தாண்டணும், இல்லன்னா இப்பவே புதுசு கேளுங்க. வெளிநாட்டு ஏடிஎம்மோ கடை மெஷினோ "உங்க நாட்டுப் பணத்துல போடவா"ன்னு கேட்டா வேணாம்னு சொல்லி அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்க, அவங்க போடுற மாற்று விகிதம் கிட்டத்தட்ட எப்பவுமே உங்களுக்கு நஷ்டம்.

நிறைய பேர் கோட்டை விடுற இடம் ஓடிபி. வழியில ஒரு சிம் போட்டுட்டா வீட்டு நம்பருக்கு வர்ற ஓடிபி எங்க வரும்? ரெண்டு சிம் போடுற, கம்பெனி லாக் இல்லாத ஃபோன் வேணும், வீட்டு நம்பரை ரோமிங்ல எஸ்எம்எஸ் மட்டும் வர்ற மாதிரி உயிரோட வச்சுக்கிட்டு டேட்டாவுக்கு இ-சிம் போட்டுக்கலாம். எந்த பிளான்ல எத்தனை மாசம் ரீசார்ஜ் பண்ணாம இருந்தா நம்பரை வெட்டுவாங்கன்னு கேட்டுக்கோங்க. பேங்க்ல ஆப் வழியா ஒப்புதல் கொடுக்கற வசதி இருந்தா கிளம்புறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே அதுக்கு மாறிடுங்க, சிம்மைக் கழட்டி வச்சுட்டு வைஃபைல மட்டும் ஒரு பேமெண்ட் பண்ணிப் பாருங்க, அது போகலைன்னா பேங்க் கிளைக்கு நேர்ல போய் சரி பண்ணிக்க இன்னும் நாள் இருக்கும்.