திருகோணமலையில் முதல் வாடகை வீடு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கையில் 45 இலட்சம் ரூபாய் இருக்கிறது. நிலாவெளியில் கடற்கரைக்குக் கிட்டக் காணி வாங்கிச் சுற்றுலாப் பயணிகளுக்கு அறை கட்டுவதா, வீட்டு வளவுக்குள்ளேயே வாடகைக்கு விட அனெக்ஸ் (தனி வாசலுள்ள சிறிய இணைப்பு வீடு) கட்டுவதா? (அன்புவழிபுரம்)

அனெக்ஸ். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் ஆட்கள் நிறைவது மே முதல் செப்டெம்பர் வரை. மாரி தொடங்கினால் கடல் கொந்தளிக்கும், அறைகள் பூட்டிக் கிடக்கும், உப்புக்காற்று மட்டும் விடுமுறை எடுக்காமல் கதவுப் பிணைச்சலையும் ஏசியையும் அரிக்கும். கடலிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுவதென்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். முதன்முதலாக இறங்குகிறவருக்கு இத்தனை தலையிடி தேவையில்லை.

நகரத்துக்கு ஆண்டு முழுவதும் வாடகைக்கு வருகிறவர்கள் வேறு ஆட்கள்: பொது வைத்தியசாலைத் தாதியர், இடமாற்றத்தில் வரும் உத்தியோகத்தர், கோணேசபுரி வளாகத்து மாணவர்கள். அவர்கள் கடலைப் பார்த்து வீடு எடுப்பதில்லை. பஸ் பாதை, தண்ணீர், தனி வாசல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

அத்திவாரம் வெட்டுமுன் உள்ளூராட்சி சபையில் வரைபடத்துக்கு அனுமதி எடுங்கள். அனெக்ஸுக்குத் தனி மின்மானி எடுக்க மறக்காதீர்கள். ஒரே மானியில் இரண்டு குடும்பம் என்றால் மாதப் பாவனை சுலபமாக 60 அலகைத் தாண்டும், தாண்டியதும் முதல் அலகிலிருந்தே விலை கூடும். பிறகு மாதக் கடைசியில் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்கள் வீட்டு அயன் பெட்டி", "எங்கள் வீட்டு மின்விசிறி" என்று முற்றத்தில் வழக்கு நடக்கும். நல்ல வாடகைக்காரர் பலர் வீட்டை விட்டுப் போவது இந்தச் சில்லறைச் சண்டையால்தான். தண்ணீர்க் குழாயையும் மலசலகூடத்தையும் கூட அப்படியே பிரித்துவிடுங்கள்.

உவர்மலைப் பக்கம் ஒரு வீடு 1 கோடி 20 இலட்சத்துக்கு வருகிறது. மாதம் 40,000 ரூபாய் வாடகை கிடைக்கும் என்கிறார் தரகர். வாங்கலாமா?

தரகர் சொல்லாத கணக்கைப் போடுவோம். முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். உங்கள் விலைக்கு அது மட்டும் 4 இலட்சத்து 79 ஆயிரம். நொத்தாரிசுக் கட்டணத்தையும் சேர்த்தால் வீடு உங்களுக்கு ஏறத்தாழ 1 கோடி 26 இலட்சத்தில் நிற்கும். ஆண்டுக்கு ஒரு மாதம் வீடு காலியாகக் கிடக்கும் என்று வையுங்கள்: வரவு 4 இலட்சத்து 40 ஆயிரம். சோலை வரி, பெயின்ற், ஓட்டைக் குழாய் என்று 60,000 போனால் கைக்கு வருவது 3 இலட்சத்து 80 ஆயிரம், அதாவது போட்ட பணத்துக்கு 3 வீதம். அதே தொகைக்கு நிலையான வைப்பில் என்ன வட்டி என்று வங்கியில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.

பாதிப் பணம் கடன் என்றால் நிலைமை இன்னும் மோசம். 60 இலட்சத்துக்கு 12 வீதம் என்றாலும் வட்டி மட்டும் மாதம் 60,000. வாடகையோ 40,000. காணி விலை ஏறும் என்ற நம்பிக்கையில் வாங்குகிறீர்கள் என்றால் வாங்குங்கள். ஆனால் அதை வாடகை வருமானம் என்று உங்களுக்கே சொல்லிக்கொள்ளாதீர்கள்.

பெர்மிட் காணி, பாதி விலை. எழுதித் தருவதாகச் சொல்கிறார்கள்.

வேண்டாம். அது அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த அரச காணி. பிரதேச செயலாளரின் எழுத்து மூலச் சம்மதமில்லாமல் கைமாற்றினால் அந்த எழுத்துக்குப் பெறுமதி இல்லை. உறுதிக் காணியென்றாலும் காணிப் பதிவகத்தில் தோம்பை (காணியின் உரிமைப் பதிவை) எடுத்துச் சட்டத்தரணியிடம் காட்டுங்கள். ஈடு இருக்கிறதா, பிரிபடாத பங்கா, வெளிநாட்டில் இருக்கும் ஒரு சகோதரத்துக்கும் பங்கு உண்டா என்பதெல்லாம் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வரும்.

தம்பி ரொறன்ரோவில் இருக்கிறான், கனடாக் குடியுரிமை மட்டும்தான். அவனுடைய பணத்தில் என் பெயரில் வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா? (பாலையூற்று வாசகி)

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் குடிமகன் பெயரில் இங்கே காணி எழுத முடியாது. இரட்டைக் குடியுரிமை இருந்தால் தடையில்லை. ஆகவே தம்பி முதலில் அதற்கு விண்ணப்பிக்கட்டும். வீடு ஓடிவிடாது.

உங்கள் பெயரில் எழுதினால் சட்டத்தின் கண்ணில் வீடு உங்களுடையது. உங்களில் எனக்குச் சந்தேகமில்லை, அக்கா. ஆனால் உங்களுக்குப் பிறகு அது உங்கள் பிள்ளைகளுக்குப் போகும். மாமாவின் பணம் என்பது மருமகனுக்கும் மருமகளுக்கும் தெரிந்திருக்குமா, தெரிந்தாலும் நினைவிருக்குமா?

தெரிந்த ஆள்தானே என்று கடையில் வாங்கிய படிவத்தில் கையெழுத்து வாங்கி இரண்டு வருடத்துக்கு வீட்டைக் கொடுத்துவிட்டேன். போதுமா?

போதாது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்தே இருக்கும் விதி. நொத்தாரிசுக் குத்தகை முடிந்த பிறகும் எழும்பாதவரிடமிருந்து வீட்டை விரைவாக மீட்க 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வழி செய்திருக்கிறது. கடைப் படிவத்தை வைத்துக்கொண்டு அந்த வழியால் போக முடியாது. இப்போதே ஆளுடன் பேசிப் புதிதாக எழுதுங்கள். திறப்பைக் கொடுக்கும் அன்று மின்மானி இலக்கத்தையும் ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து, விசிறி எத்தனை, பல்ப் எத்தனை, எந்த யன்னல் கண்ணாடி ஏற்கெனவே வெடித்தது என்று எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது இந்தத் தாள்தான் பேசும்.

பழைய வீடொன்றை வாடகைக்காரருடன் சேர்த்தே விற்கிறார்கள் என்றால் ஒதுங்கிப் போங்கள். 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கும் ஆளை எழுப்புவது உங்கள் ஆயுளில் முடியுமோ தெரியாது.

ஆசிரியச் சம்பளம் 90,000, வாடகை 40,000. வருமான வரி வருமா?

வராது. ஆண்டு வாடகை 4 இலட்சத்து 80 ஆயிரத்தில் 25 வீதத்தைத் திருத்தச் செலவுக்கென்று கழிக்கலாம். மீதி 3 இலட்சத்து 60 ஆயிரம். ஆண்டுச் சம்பளத்துடன் சேர்த்தால் 14 இலட்சத்து 40 ஆயிரம். 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபர் விடுதொகை, அதாவது வரியில்லாத ஆண்டு வருமானம், 18 இலட்சம். வேறு வருமானம் எதுவும் இல்லையென்றால் இதுதான் கணக்கு. வரி இலக்கத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.