ஆறாம் நிலையில் பின்தங்கும் போர்வீர மந்திரவாதி

கும்பகோணத்து நண்பருக்கு வணக்கம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும், பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும் விளையாட்டில் உங்கள் குழுவினர் அனைவரும் ஆறாம் நிலையை எட்டியபின், போர்வீரனில் மூன்று, மந்திரவாதியில் மூன்று என நிலைகளைப் பிரித்துக்கொண்டவர் மட்டும் ஒவ்வொரு சண்டையிலும் பின்தங்குவதாக எழுதியிருந்தீர்கள்.

இந்த விளையாட்டின் 2014 விதிகளில் ஒரே வகுப்பின் (போர்வீரன், மந்திரவாதி போன்ற பாத்திர வகையின்) ஐந்தாம் நிலைதான் பெரிய திருப்பம்: போர்வீரனுக்கு ஒரே முறையில் இரண்டாவது தாக்குதலும், மந்திரவாதிக்கு ஃபயர்பால் (நெருப்புப் பந்து) போன்ற மூன்றாம் படி மந்திரங்களும் அங்கேதான் கிடைக்கின்றன, உங்கள் ஆட்டக்காரரோ இரண்டு வாய்க்காலிலும் பாதிப் பாதியாகத் தண்ணீர் விட்டு, எந்தக் கடைமடைக்கும் எட்டாமல் நிற்கிறார்.

எதிரிகளின் பலத்தைக் குறைக்காதீர்கள், மற்றவர்களுக்குச் சலித்துவிடும். போர்வீரன் ஒன்று, மந்திரவாதி ஐந்து என்று ஒருமுறை மாற்றி அமைத்துக்கொள்ள அவரை அனுமதியுங்கள். முதல் நிலையே போர்வீரன் என்றால், கனத்த கவசத்தோடு, மந்திரக் கவனம் கலையாமல் காக்கும் உடலுறுதிச் சேவிங் த்ரோ (பாதிப்பைத் தாங்கப் பகடை உருட்டும் சோதனை) தேர்ச்சியும் அவரிடம் நிலைத்திருக்கும். ஆக்‌ஷன் சர்ஜை (ஒரே முறையில் கூடுதலாக ஒரு செயல் செய்யும் போர்வீரத் திறனை) இழப்பார்தான். வாளே முக்கியம் என்பாரானால் கணக்கைத் திருப்பிப் போடலாம்.

மன்னார்குடியில் நாங்கள் ஆடும்போது இதே சிக்கலுக்கு நான் முதலில் ஒரு மாயவாளைக் கொடுத்துப் பார்த்தேன். அடுத்த வாரமே மற்ற மூவரும் ஆளுக்கொன்று கேட்டார்கள்.