உயிரோடு இருக்கும் பிரபலத்தைப் பற்றிப் படம் எடுக்க அவருடைய அனுமதி கட்டாயமா?

அமெரிக்கச் சட்டத்தின்படி, பெரும்பாலும் தேவையில்லை.

ஒருவருடைய பெயர், முகம், குரல் ஆகியவற்றை அவர் அனுமதியின்றி வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுப்பதுதான் ஆளுமை உரிமை. உழைத்துச் சம்பாதித்த புகழின் பலனை வேறொருவர் இலவசமாக அள்ளிக்கொள்வது நியாயமில்லை என்பதே இதன் அடிப்படை. 1953-ல் பேஸ்பால் வீரர்களின் பட அட்டைகள் பற்றிய வழக்கில் நியூயார்க்கில் உள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தனி உரிமையாக ஏற்றது.

சரி, சினிமாவுக்கு ஏன் விலக்கு? ஒருவர் வளர்த்த மரத்தின் பழத்தைப் பறித்து விற்பது வேறு, அந்த மரத்தைப் பார்த்து ஓவியம் வரைவது வேறு. சோப்பு விளம்பரத்தில் நடிகையின் முகத்தைப் போடுவது முதல் வகை, அவர் வாழ்க்கையைக் கதையாகச் சொல்வது இரண்டாவது வகை. ஹாலிவுட் நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் தன்னைச் சித்தரித்த தொலைக்காட்சித் தொடர்மீது போட்ட வழக்கை, பேச்சுரிமையைக் காரணம் காட்டி 2018-ல் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் நிராகரித்தது. எனக்கு இது சரியான தீர்ப்பாகவே படுகிறது. புகழ்பவர்களுக்கு மட்டும் அனுமதி கிடைத்தால் வரலாற்றை யார் எழுதுவது?

ஆனால் இந்தச் சுதந்திரத்துக்கும் எல்லை உண்டு. பீரங்கியிலிருந்து பாயும் சாகசக் கலைஞரின் முழு நிகழ்ச்சியையும் ஒரு தொலைக்காட்சி செய்தியில் காட்டியபோது, 1977-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கலைஞர் பக்கமே நின்றது.

‘பணம் வாங்கிக்கொண்டு காட்டினாலே அது வியாபாரம், அதனால் அனுமதி வேண்டும்’ என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, லாபத்துக்காக எடுத்த படத்துக்கும் பேச்சுரிமைப் பாதுகாப்பு உண்டு.